தகரச் சனிக்கிழமை

இங்கிலாந்தின் கிழக்கோரத்தில் இருக்கும் இந்த மார்ல்ஹத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் எனக்குப் பெயர் ‘நாரிச்சிலிருந்து வந்தவள்’. நாரிச் என்ன நிலாவிலா இருக்கிறது? பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். ஆனால் இந்த ஊரில் ஒருவனுடைய தாத்தாவுக்குத் தாத்தா சர்ச் கல்லறையில் படுத்திருந்தால்தான் அவன் வாயைத் திறக்கலாம். என் வீட்டுக்காரன் லெனர்ட் பாஸ்க்கின் ஆட்கள் அங்கே ஒரு வரிசை முழுக்கப் படுத்திருக்கிறார்கள். அதனால் அவன் வாயை மூடுவதே இல்லை.

லென்தான் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவன். சங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். மாதம் ஒருமுறை ஊர் மன்றத்தில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். யார் வீட்டு வயலில் ரோமானியக் காசு கிடைத்தது என்று சண்டை போடுவார்கள். நான் போடும் டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவாமல் போவார்கள். இந்தச் சங்கம் உருப்படியாக நடத்துவது ஒன்றே ஒன்றுதான், தகரச் சனிக்கிழமை.

ஜனவரியில், கிறிஸ்துமஸ் தோரணங்களைக் கழற்றியபின் வரும் முதல் சனிக்கிழமை அது. ஊரே வாணலி, தகரத் தட்டு, பால்வாளி என்று கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கிளம்பும். ஏணியின் மேல் ஒரு வைக்கோல் பொம்மை உட்கார்ந்திருக்கும். பெயர் கெஸ்ஸிக் கிழவி. அவளைத் தெருத்தெருவாகத் தூக்கிப் போய், தட்டி முழக்கி, யாரும் குடியில்லாத குளக்கரை வீட்டு வாசலில் நிறுத்திக் கதவைத் தட்டி, கடைசியில் குளத்தில் வீசிவிட்டால் குளிர்காலம் ஒழிந்தது என்று அர்த்தம். அப்புறம் மன்றத்தில் பட்டாணி சூப்பும் சாஸேஜ் ரோலும். அந்தக் காலத்தில் இதெல்லாம் இருட்டிய பிறகு நடந்ததாம். பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கிறது என்று தாய்மார்கள் கூச்சல் போட்டு மத்தியானத்துக்கு மாற்றினோம்.

குளக்கரையில் லென் ஒரு பலகை எழுதி நட்டிருக்கிறான். இது ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சடங்கு, கெஸ்ஸி என்பவள் குளிர்காலத்தின் உருவம், அவளுடைய பெருத்த வயிறு வரப்போகும் விளைச்சலின் அடையாளம் என்று அதில் இருக்கும். எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று கேட்டால், “தாத்தா சொன்னார்” என்பான். தாத்தா ஜேபஸ் பாஸ்க். கொம்பு ஊதுவதும் கதவைத் தட்டுவதும் அவர் காலத்திலிருந்தே பாஸ்க் குடும்பத்தின் உரிமை. சின்ன வயதில் லென்னைத் தோளில் உட்கார வைத்து, அவன் கையில் பெரிய இரும்புக் கரண்டியைக் கொடுத்து, அந்தக் கதவைத் தட்டப் பழக்கியவர் அவர்தான். அவர் பேச்சை எடுத்தாலே இவனுக்குக் கண் கலங்கிவிடும்.

ஊரில் எண்பதைத் தாண்டியவர்கள் மூன்று நான்கு பேர் உண்டு. தகரச் சனிக்கிழமை மட்டும் அவர்கள் யாரும் வெளியே தலை காட்டுவதில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். போய் ஒரு வார்த்தை கேட்டவன் கிடையாது.

போன வருடம் நியூசிலாந்திலிருந்து லென்னுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் ரோனா டில்லட். மாட்டுப் பண்ணை வைத்திருப்பவள், ஐம்பது வயது. கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான், குழந்தை இல்லை. கடைசியாகத் துணைக்கு இருந்த அம்மாவையும் அந்த வருடம்தான் அடக்கம் செய்திருந்தாள். அவளுடைய பாட்டி கெஸையா டாக் இந்த ஊர்க்காரி. குளக்கரை வீட்டில் பிறந்து வளர்ந்து, கைக்குழந்தையோடு தனியாகக் கப்பல் ஏறியவள். ‘மார்ல்ஹத்தில் எனக்கு ரத்த சொந்தம் ஒருவராவது மிச்சம் இருக்கிறார்களா என்று பார்க்க ஆசை’ என்று ரோனா எழுதியிருந்தாள்.

லென் குதித்தான்.

“தெல்மா, இதக் கேளு! கெஸையாவாம்! சுருக்கினா கெஸ்ஸி! குளிர்காலக் கிழவி பேரையே ஒரு பொண்ணுக்கு வெச்சிருக்காங்க பாரு. எவ்வளவு பழைய சடங்குன்னு இதுலேயே தெரியலையா?”

“டாக் குடும்பம் இங்க யாருமே இல்லையே லென். பாவம், அவ்ளோ தூரத்துலேருந்து வந்து யாரைப் பாப்பா?”

“நம்ம எல்லாரும் இருக்கோமே! தகரச் சனிக்கிழமைக்கு வரச் சொல்லுவோம். அவ பாட்டி வீட்டு வாசல்லயே நாற்காலி போட்டு, மொத வாணலிய அவ கையில குடுப்போம். பொம்மை பேர இப்பச் சொல்லிடாத. நேர்ல பாத்துச் சந்தோஷப்படட்டும்.”

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சிரித்தேன்கூட. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ரோனா வியாழக்கிழமை வந்து சத்திரத்து மாடியில் அறை எடுத்தாள். உயரமானவள், பால் கறந்து காய்த்த கைகள், அதிகம் பேசாதவள். லென் அவளைக் கல்லறைக்கும் சர்ச்சுக்கும் கூட்டிப் போய் ஒவ்வொரு கல்லுக்கும் கதை சொன்னான். அவள் கல்லைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நடந்தாள். இவன் பேச்சில் மயங்கிப்போக ஒரு ஆள் கிடைத்தாளே என்று நான் அதிசயப்பட்டேன்.

சனிக்கிழமை காலை மன்றத்துச் சமையலறைக்கு அவளாகவே உதவிக்கு வந்தாள். நான் பாத்திரம் கழுவ, அவள் துடைத்து அடுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். மேசை மேல் துண்டை விரிக்காமல் அவள் ஒரு பாத்திரத்தையும் கீழே வைக்கவில்லை. ஒவ்வொரு மூடிக்கும் நடுவில் ஒரு துணி.

“மேசை கீறிடும்னு பயப்படாதீங்க, அது ஏற்கெனவே நாங்க சாகடிச்ச மேசை” என்றேன்.

அவள் சிரித்தாள். “பழக்க தோஷம். எங்க வீட்டுல பாத்திரம் சத்தமே கேக்கக் கூடாது. பாட்டிக்கு ஆகாது. ஒரு தகரத் தட்டு கீழ விழுந்தாப் போதும், வெளுத்துப் போயி மாடிப்படிக்கு அடியில போய் உக்காந்துக்குவாங்களாம். ஏன்னு யாருக்கும் தெரியாது. எங்கம்மாவும் துணி போட்டாங்க, நானும் போடறேன்.”

என் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்போதும் முழுதாகப் புரியவில்லை.

ரோனா துணியை மடித்து வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லலாமா தெல்மா? நான் லெனர்ட்டுக்குச் சும்மா எழுதல. எங்கம்மாவோட அப்பா யாருன்னு பாட்டி ஒரே ஒரு தடவதான் சொன்னாங்களாம், அதுவும் சாகற நேரத்துல. எங்கம்மா சாகறதுக்கு முந்தின வாரம் என்கிட்ட சொன்னாங்க. ஜேபஸ் பாஸ்க்.”

“லென்னோட தாத்தாவா?”

“எனக்கும் தாத்தா. அப்பிடிப் பாத்தா லெனர்ட் எனக்கு மாமா மகன், அண்ணன் மாதிரி. உலகத்துல எனக்கு மிச்சம் இருக்கிற ஒரே சொந்தம். வந்த நாள்லேருந்து சொல்லணும் சொல்லணும்னு பாக்கறேன், வாய் வரல. இன்னிக்கு எல்லாம் முடிஞ்சு டீ குடிக்கறப்பச் சொல்லிடலாம்னு இருக்கேன். அவருக்குக் கோவம் வருமா?”

“கோவமா? கூடப் பொறந்தது இல்லாம வளந்தவன் அவன். ஒரு தங்கச்சி கெடச்சான்னு ஆடுவான்!” என்று சோப்புக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். என் கண்ணிலும் தண்ணீர், அவள் கண்ணிலும் தண்ணீர்.

“நானே சொல்றேன். நீங்க முந்திக்காதீங்க” என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து வெளியே பிள்ளைகள் தட்டுகளோடு ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்கள். என் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாட்டு. வருடா வருடம் நானும் பாடிய பாட்டு.

கெஸ்ஸி கெஸ்ஸி, யாருது சொல்லு!
சொல்லாமப் போனா குளத்துல தள்ளு!

யாருது என்று எதைக் கேட்கிறோம்? இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது நான் அதை யோசித்திருப்பேனா? பொம்மையின் வயிறு கண்முன் வந்தது. விளைச்சலாம், அடையாளமாம்! பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்தியின் வாசலில் ஊரே திரண்டு போய்த் தகரம் தட்டியிருக்கிறது. முறை தவறியவர்களை ஊரைவிட்டு ஓட்ட அந்தக் காலத்தில் இப்படித்தான் தட்டுவார்கள் என்று எங்கள் சங்கத்திலேயே ஒருமுறை ஒரு பேராசிரியர் வந்து பேசிவிட்டுப் போனார். நாங்கள் கை தட்டினோம், கேக் கொடுத்தோம். நம் ஊரிலும் அது நடந்திருக்கும் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

“என்ன பாடறாங்க?” என்று ரோனா கேட்டாள்.

“அது சும்மா… சின்னப் பிள்ளைங்க பாட்டு” என்றேன். எந்தப் பொய்யும் என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்ததில்லை.

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் குளக்கரைக்கு ஓடினேன். லென் கோட்டை உள்வெளியாகத் திருப்பிப் போட்டு, வைக்கோல் தொப்பி வைத்துக்கொண்டு, பத்திரிகைப் படக்காரனுக்குக் கொம்போடு போஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். ஓரமாக இழுத்தேன்.

“லென், இன்னிக்கு இந்த வாசலுக்கு வராத. பொம்மையத் தெருவோட நிறுத்திடு.”

“ஏன், சூப் தீஞ்சுடுச்சா?”

“வெளையாடாத. கெஸ்ஸி குளிர்காலமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அது ரோனாவோட பாட்டி. வயித்துல பிள்ளையோட இருந்தவள இந்த வீட்டுலேருந்து தகரம் தட்டி வெரட்டியிருக்காங்க. பாட்டக் கொஞ்சம் காது குடுத்துக் கேளு.”

அவனிடமிருந்து வந்தது அந்தச் சிரிப்பு. கூட்டத்தில் யாராவது ஏடாகூடமாகக் கேள்வி கேட்டால் சிரிப்பானே, அது.

“தெல்மா கண்ணு, இது ஆயிரம் வருஷத்துச் சடங்கு. எங்க தாத்தா சொன்னது.”

“உங்க தாத்தா சொன்னா வேதமா?”

அவன் முகம் மாறிவிட்டது. “அவரப் பத்திப் பேசாத. நாரிச்சிலேருந்து வந்தவளுக்கு இந்த ஊரப் பத்தி என்ன தெரியும்?”

கசாப்புக்கடை சிட் லார்ட்டர் பக்கத்தில்தான் இருந்தான். அவன் சிரித்த சிரிப்பு என் முதுகில் விழுந்தது. ஊர் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். இவன் வாயால் கேட்டதில்லை. ஜேபஸ் யார் என்ற உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது. சத்தியம் ஒருபக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிதாக ஒரு வீம்பு வந்து உட்கார்ந்துகொண்டது. போ, பட்டால்தான் உனக்குத் தெரியும் என்று திரும்பி நடந்துவிட்டேன்.

அவனைத் தண்டிக்க நான் யாரைப் பலி கொடுத்தேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மன்றத்துக்கு வந்தால் ரோனா இல்லை. சங்கத்துப் பெண்கள் அவளை அதற்குள் குளக்கரைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். நான் திரும்பிப் போனபோது வாசலில் நாற்காலி போட்டு, முழங்காலில் கம்பளி போர்த்தி, கையில் செப்பு வாணலி ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையசைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், “எழுந்து வாங்க, வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எல்லோரும் பார்க்கிறார்களே என்று நின்றேன். யாரோ என் கையிலும் ஒரு மூடியைத் திணித்தார்கள். ஊர்வலம் வந்தபோது பழக்கத்தில் அதை இரண்டு தட்டுத் தட்டியும்விட்டேன்.

ஏணி ஆடி ஆடி வந்தது. மேலே கெஸ்ஸி, தலையில் கிழிந்த பானெட் தொப்பி, தலையணை அடைத்த வயிறு. இருநூறு பேர் தகரம் தட்டினால் காதில் கேட்காது, பல்லில் கேட்கும். லென் முன்னால் வந்து கொம்பை ஊதினான். கரண்டியால் ரோனாவின் தலைக்கு மேலாகக் கதவை ஓங்கித் தட்டினான்.

“கெஸ்ஸி! வெளிய வா!”

“கெஸ்ஸி கெஸ்ஸி, யாருது சொல்லு!” என்று ஊர் பாடியது.

ரோனா முதலில் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். வாணலியைத் தட்டக் கையைக்கூட ஓங்கினாள். பாட்டு இரண்டாம் முறை வந்தபோது கை அப்படியே நின்றது. பொம்மையைப் பார்த்தாள். அதன் வயிற்றைப் பார்த்தாள். கழுத்திலிருந்த ஸ்கார்ஃபை மெதுவாக அவிழ்த்துப் படிக்கல்லில் விரித்து, அதன் மேல் வாணலியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு எழுந்தாள்.

முன்வரிசை முதலில் தட்டுவதை நிறுத்தியது. அப்புறம் நடுவில் இருந்தவர்கள். பின்னால் ஒரு குழந்தை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. அதன் அம்மா போய்க் கையைப் பிடித்தாள்.

“அவ பேரு என்ன?” என்று ரோனா கேட்டாள்.

“கெஸ்ஸி” என்றான் லென். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல். “உங்க பாட்டி பேருதான். உங்களுக்கு ஒரு… நாங்க ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு…”

“வயிறு ஏன் பெருசா இருக்கு?”

“அது விளைச்சலோட…” என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். தான் எழுதிய பலகையைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும், இத்தனை வருடம் அவனே தொண்டை கிழியப் பாடியது.

“யாருதுன்னு கேக்கறீங்களே, யாருது?”

சிட் லார்ட்டருக்கு மட்டும் எந்த நேரத்தில் வாயை மூட வேண்டும் என்று கடவுள் சொல்லித்தரவில்லை. “அதான் யாருக்கும் தெரியலையேம்மா! உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க சொல்லுங்களேன்!” என்றான். பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆமாம், சிரித்தார்கள். என் ஊர்தான்.

ரோனா லென்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாஸ்க் குடும்பத்து மானம் அந்தக் குளத்தில் போய்விடும். நான் மூடியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லட்டும் என்றும் இருந்தது, சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது.

“எங்க வீட்டுல அதச் சொல்றதில்ல” என்றாள்.

கூட்டம் தானாக வழிவிட்டது. அவள் குளக்கரையோடு நடந்து சத்திரத்துப் பக்கம் திரும்பியதும் எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டிருந்த பையன்கள் இருவரும், “போடறதா வேணாமா?” என்று லென்னைக் கேட்டார்கள். பொம்மையை இறக்கி, ஏதோ உயிருள்ள ஆளைப்போல அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டு, தட்டுகளைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு எல்லோரும் கலைந்தார்கள். சூப்புக்கு யாரும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லென் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அடுப்படி மேசையில் உட்கார்ந்தான்.

“காலைல நீ சொன்னப்பக் கேட்டிருக்கணும்” என்றான்.

“நானும் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கணும்.”

“அவளுக்குத் தெரியும், இல்ல? உன்கிட்டச் சொல்லியிருக்கா. யாரு தெல்மா?”

சத்தியத்தைக் காப்பாற்றி இனி யாருக்கு என்ன லாபம்? சொன்னேன். ஜேபஸ் என்ற பெயரோடு நிறுத்தவில்லை. எதற்காக அவள் கடிதம் எழுதினாள், இன்று டீ குடிக்கும்போது அவனிடம் என்ன சொல்வதாக இருந்தாள், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் அழுவான் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எனக்கு நாலு வயசு. தாத்தா என் கைய அவர் கையால புடிச்சுக் கரண்டியத் தட்டுவாரு. இன்னும் பலமா, இன்னும் பலமாம்பாரு. அவருக்குத் தெரியும், மொத மொதல்ல அந்தக் கதவுக்கு உள்ள இருந்தது யாருன்னு. அவருக்குத் தெரிஞ்சேதான் செஞ்சிருக்காரு.”

அவர்தான் அன்றைக்கு எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. பிற்பாடு யாரும் எதுவும் கேட்டுவிடாமல் இருக்க, செய்ததையே விளையாட்டாக்கிக் குழந்தைகள் கையில் கொடுத்துவிட்டார். ஊர் பிடித்துக்கொண்டது. விளையாட்டில் யார் குற்றம் தேடப் போகிறார்கள்? இதை லென்னிடம் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருந்தது.

“அவகிட்டப் போகணும்” என்று எழுந்தான். “நீயும் வா. தனியாப் போக எனக்கு வெக்கமா இருக்கு.”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. இருட்டத் தொடங்கியிருந்தது. வழியில் எதிரே வந்தவர்கள் எங்களைப் பார்த்து அந்தப்பக்கம் மாறிப் போனார்கள்.

சத்திரத்து மாடியில் ரோனாவின் பெட்டி கட்டிலில் திறந்து கிடந்தது. பாதி அடுக்கியிருந்தாள். கதவை முழுதாகத் திறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். லென் படியேறிய மூச்சு வாங்க, தொப்பியைக் கையில் பிசைந்தான். இந்த ஊரைப் பற்றி மூன்று மணி நேரம் நிறுத்தாமல் பேசக்கூடிய மனிதன் அவன்.

“எங்க தாத்தா…” என்றான். “நீங்களும் நானும்… உங்கம்மா எனக்கு அத்தை.”

“தெரியும் லெனர்ட். அதுக்குத்தான் வந்தேன்.”

“தெரியாமப் பண்ணிட்டேன். கடவுள் சத்தியமா எனக்குத் தெரியாது. இனிமே இந்த ஊர்ல அது நடக்காது. உங்களுக்கு ஒரு வீடு இருக்கு இங்க. எங்க வீடு. நீங்க வரணும்.”

அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் இல்லை. கூர்ந்து, கிட்டத்தட்டப் பாசமாகவே அவனைப் பார்த்தாள்.

“வந்த அன்னிக்கே பாத்தேன். உங்களுக்கு எங்கம்மாவோட கண்ணு. அப்பிடியே அதே கண்ணு. ரெண்டு நாளா அதத்தான் பாத்துக்கிட்டே உங்க பின்னால நடந்தேன், எங்கம்மா திரும்ப வந்த மாதிரி இருந்துச்சு” என்றாள். “இன்னிக்கு அந்தக் கண்ணாலதான் என்னையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே கதவத் தட்டினீங்க. இனிமே எங்கம்மா முகத்த நெனச்சா எனக்கு அதுதான வரும்?”

“குளுரா இருக்கு, வீட்டுக்குப் போங்க” என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.